இன்டர்நெட் கடைச்சரக்கா, பொதுச்சேவையா?

2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வசதி வந்தது. டேட்டா பேக் போடாமலே சில இணையதளங்களைப் பார்க்கலாம், காசு கிடையாது. ஃபேஸ்புக் நடத்திய இன்டர்நெட்.ஆர்க் என்ற திட்டம் அது. இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு, தமிழிலேயே பயன்படுத்தவும் முடிந்தது. உள்ளே ஃபேஸ்புக் இருந்தது, வானிலை, செய்தி, வேலைவாய்ப்பு என்று கொஞ்சம் தளங்கள் இருந்தன. பட்டியலைத் தாண்டி வேறு எதையாவது தொட்டால், இதற்கு டேட்டா கட்டணம் ஆகும் என்று எச்சரிக்கை வரும். செப்டம்பரில் இதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். தொடங்கி ஒரு வருடம் முடிவதற்குள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை போட்டது.

ஒன்றுமே இல்லாதவருக்கு ஏதோ கொஞ்சம் இலவசமாகக் கிடைத்தால் அதை ஏன் தடுக்கிறீர்கள் என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைய இணைப்பைக் கரண்ட் மாதிரி பொதுச்சேவையாக, பாரபட்சம் இல்லாமல்தான் நடத்த வேண்டும். ஆனால் இந்தியாவில் இதில் பாதிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பதை வைத்துக் கம்பெனி ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று விதி வந்துவிட்டது. எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், தாங்கக்கூடிய விலையில் கொடுக்க வேண்டும், நினைத்த நேரத்தில் நிறுத்தக் கூடாது என்ற மீதிப் பாதி இன்னும் வரவே இல்லை.

பொதுச்சேவை என்றதும் அரசாங்கமே நடத்துவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், உடனே பி.எஸ்.என்.எல். நிலைமையைக் காட்டிச் சண்டைக்கு வருகிறார்கள். மும்பையில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் கொடுப்பது டாடாவும் அதானியும்தான், இருந்தும் அங்கே அது பொதுச்சேவை. ஏனென்றால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி விண்ணப்பித்தவருக்கு இணைப்பு கொடுத்தே ஆக வேண்டும், பில் கட்டாதவருக்குக்கூட 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் துண்டிக்க முடியாது, விலையை ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டு நிர்ணயிக்கிறது. நடத்துவது யாராக இருந்தாலும் இந்தக் கடமைகள் தலையில் உட்கார்ந்திருக்கும். பொதுச்சேவை என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

கரண்ட் எல்லாருக்கும் ஒரே விலை, அதனால் டேட்டாவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சிலர் வாதம் செய்வார்கள், அது தப்பு. நம்மூர் ஈ.பி.யில் வீட்டுக்கு ஒரு ரேட், கடைக்கு ஒரு ரேட், விவசாய பம்ப்செட்டுக்கு இலவசம், வீட்டுக்கே குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் ஸ்லாப் ஸ்லாபாக ஏறும். ஆக, விலையில் வித்தியாசம் இருக்கலாம். அந்த வித்தியாசத்தை யார் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். ஏழை வீட்டுக்குச் சலுகை என்று அரசு முடிவெடுத்து, அதைச் சட்டசபையில் கேள்வி கேட்கலாம் என்றால் அது ஒரு கதை. ஒரு மிக்ஸி கம்பெனி மின்வாரியத்துக்குப் பணம் கட்டிவிட்டு, எங்கள் மிக்ஸியைப் போட்டால் மட்டும் மீட்டர் ஓடாது என்று விளம்பரம் செய்தால் அது வேறு கதை. அப்புறம் ஊரில் வேறு மிக்ஸி விற்குமா? சின்னதாக ஒரு புது கம்பெனி கோயம்புத்தூரில் நல்ல மிக்ஸியே செய்தாலும் எடுபடுமா?

2015 ஏப்ரலில் வந்த ஏர்டெல் ஜீரோ கிட்டத்தட்ட இதுதான். ஆப் கம்பெனி ஏர்டெலுக்குப் பணம் கட்டும், அந்த ஆப்பைத் திறந்தால் வாடிக்கையாளருக்கு டேட்டா கழியாது. அதற்கு நாலு மாதம் முன்னால், 2014 டிசம்பரில், இணையம் வழியாகப் பேசும் ஆப்களுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியிருந்தது. நடுவில் மார்ச் 27-ம் தேதி டிராய் 118 பக்கத்தில் ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது, 20 கேள்விகளோடு. சாதாரண ஆள் படித்து முடிக்க முடியாத அந்த அறிக்கைக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து எளிய பதில் படிவம் தயாரித்துக் கொடுத்ததில் 10 லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் காகிதத்துக்கு அப்படிப் பதில் வந்தது ஆச்சரியமான விஷயம். டிராய் அவற்றை அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு அப்படியே இணையத்தில் போட்டுவிட்டது என்பது வேதனையான விஷயம். ஏர்டெல் ஜீரோவில் சேர இருந்த ஃப்ளிப்கார்ட், அதன் ஆப்புக்கு மக்கள் ஒற்றை ஸ்டார் போட ஆரம்பித்ததும் ஏப்ரல் 14-ல் கழன்றுகொண்டது.

ஃபேஸ்புக் அவ்வளவு லேசில் விடவில்லை. டிசம்பரில் டிராய் மறுபடி கருத்துக் கேட்டபோது, ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தாலே ஃப்ரீ பேசிக்ஸை ஆதரித்து டிராய்க்கு எழுதச் சொல்லும் அறிவிப்பு, பேப்பரைப் புரட்டினால் முழுப்பக்க விளம்பரம். மார்க் ஸக்கர்பெர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் தன் பெயரிலேயே கட்டுரை எழுதினார். அதில் நூலகத்தையும் பொது மருத்துவமனையையும் உதாரணம் காட்டினார். நூலகத்தில் உலகத்தில் உள்ள எல்லாப் புத்தகமும் இல்லை, இருந்தாலும் பயன்படுகிறதே, அதுபோல இணையத்தின் அடிப்படைச் சேவைகளை இலவசமாகக் கொடுப்பதில் என்ன தப்பு என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலகத்தில் எதை வாங்கி வைப்பது என்று ஒரு பதிப்பகத்தின் முதலாளி முடிவு செய்வதில்லை. ஃப்ரீ பேசிக்ஸில் யார் சேரலாம் என்று விதி எழுதியது ஃபேஸ்புக். வீடியோ கூடாது, இணையம் வழியாகப் பேசும் வசதி கூடாது என்று நிபந்தனை போட்டதும் அவர்கள்தான். போக்குவரத்து முழுவதும் போனதும் அவர்கள் சர்வர் வழியாகத்தான்.

2016 பிப்ரவரி 8-ம் தேதி டிராய் விதி போட்டது: எந்தத் தளம், எந்த ஆப் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை கூடாது. மீறினால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். பெரிய கம்பெனிகளுக்கு அது சில்லறைக் காசு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் விதி நின்றது. அதற்கு டிராய் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டில் பெரும்பாலானவர்கள் இன்னும் இணையத்துக்கே வராதவர்கள், அவர்கள் முதன்முதலில் பார்க்கும் இணையம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கம்பெனி தீர்மானிக்க விடக் கூடாது என்றது. இது எவ்வளவு சரி என்பது மியான்மரில் தெரிந்தது. அங்கே பெரும்பாலானவர்களுக்கு ஃபேஸ்புக்தான் இணையமே என்றாகிவிட்டதை, ரோஹிங்யா மக்கள் மீதான கொடுமைகளை விசாரித்த ஐ.நா. உண்மை அறியும் குழு 2018-ல் பதிவு செய்தது. வெறுப்புப் பேச்சு பரவும் இடத்தை விட்டு வெளியே போய்ச் சரிபார்க்க அந்த மக்களுக்கு வேறு வாசல் பழக்கமில்லை.

இதைவிட்டால் ஏழைக்கு வேறு வழியில்லை என்ற வாதம் ஏழே மாதத்தில் உடைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, முழு இணையமும் சில மாதங்களுக்கு இலவசமாகவும் பிறகு மலிவாகவும் கிடைத்தது. ஃப்ரீ பேசிக்ஸைக் கொண்டுவந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோ 2017 கடைசியில் மொபைல் சேவையையே மூடிவிட்டது.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். இலங்கையில் வாட்ஸ்அப்புக்கு ஒரு பேக்கேஜ், ஃபேஸ்புக்குக்கு ஒரு பேக்கேஜ், யூடியூப்புக்கு ஒரு பேக்கேஜ் என்று தனித்தனியாக வாங்கிப் பழகியவர்கள் ஏராளம். மலிவு என்பது உண்மை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் உள்ளூர்ச் செய்தித் தளம் நடத்துகிறார் என்று வையுங்கள், அவருடைய வாசகரிடம் இருப்பது ஃபேஸ்புக் பேக்கேஜ் மட்டும்தான் என்றால், ஃபேஸ்புக்கில் இணைப்பைப் பகிர்ந்தாலும் தலைப்பைப் படிக்கலாம், அதைத் தொட்டு உள்ளே போக வேறு டேட்டா வேண்டும். தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கோபப்படும் பழக்கத்துக்கு மனிதர்களின் அவசரம் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள்.

இதையெல்லாம் கம்பெனி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சிலர் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பது பூட்டப்பட்டிருக்கிறது, அதைக் கம்பெனி படிக்க முடியாது. ஆனால் உங்கள் போன் எந்தச் சர்வரோடு பேசப் போகிறது என்பது, இணைப்பு தொடங்கும் அந்த முதல் நொடியில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பெயர் போதும். இந்தப் பெயருக்கு மீட்டர் ஓடாதே, அந்தப் பெயருக்கு வேகத்தைக் குறை, இன்னொன்றை விடவே விடாதே என்று மூன்றையும் ஒரே ஏற்பாட்டில் செய்துவிடலாம். சலுகை கொடுக்கவும் வேகத்தைக் குறைக்கவும் தடுக்கவும் தேவைப்படுவது ஒரே திறமைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

2017 நவம்பரில் டிராய் வேகம், தடை பற்றியும் பரிந்துரை கொடுத்தது, 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது, பிறகு உரிமங்களில் நிபந்தனையாகச் சேர்த்தது. அமெரிக்காவைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். அங்கே 2015-ல் விதி வந்தது, 2017-ல் போனது, 2024-ல் மறுபடி வந்தது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஆட்சி மாறினால் இணையத்தின் சட்டமே மாறும் என்ற நிலை.

இப்போது இங்கே டெலிகாம் கம்பெனிகள் வேறு பக்கமாக வருகிறார்கள். நெட்வொர்க் போட நாங்கள் கோடிகோடியாகக் கொட்டுகிறோம், யூடியூப்பும் நெட்ஃப்ளிக்ஸும் அதில் ஓசியில் ஓடுகின்றன, அவர்கள் பங்கு கொடுக்கட்டும் என்கிறார்கள். கொட்டுவது உண்மைதான், 2022 5ஜி ஏலத்தில் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு ஸ்பெக்ட்ரம் போனது. ஆனால் ஓசி என்பது பொய். யூடியூப் தானாக வந்து யார் போனிலும் நுழைவதில்லை, நாம் கேட்டுத்தான் வருகிறது, கேட்பதற்கான காசை ரீசார்ஜில் ஏற்கெனவே கட்டிவிட்டோம். ஒரே சுமைக்கு இரண்டு பக்கமும் கூலி கேட்கிறார்கள். தென் கொரியாவில் இதுபோல அனுப்புகிறவர் தலையில் செலவைக் கட்டும் ஏற்பாடு வந்தது. நெட்வொர்க் கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி, வீடியோ நேரலைத் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே கிளம்பியது. அமேசானுக்குச் சொந்தமான தளத்துக்கே அந்தக் கதி என்றால், இங்கே பாட்டு, பாடம், சமையல் என்று சொந்தமாகத் தளம் நடத்தும் சின்ன ஆள் என்ன செய்வார்?

சரி, கம்பெனியின் ஓரவஞ்சனை பற்றிய பாதி இவ்வளவு. மீதிப் பாதிக்கு வருவோம், என் ஆதங்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

2018 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு ஏர்செல் சிம்மாவது இருந்த காலம். திடீரென்று சிக்னல் போனது. வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்ற 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், சிக்னலே இல்லாத போனில் எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும்? பேங்க், கேஸ், ஆதார் எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான் கொடுத்திருந்தார்கள், ஓ.டி.பி. வராது. ஷோரூம் வாசல்களில் கூட்டம். கம்பெனி திவால் மனு போட்டது. டிராய் தலையிட்டு, நம்பர் மாற்றத் தேவையான கோடு வாங்க மாற்று வழி ஏற்பாடு செய்தது, ஆனால் அதற்குள் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு மின் விநியோகக் கம்பெனி இப்படி மூழ்கினால் கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போக விடுவார்களா? அடுத்த ஏற்பாடு ஆகும்வரை யாராவது ஓட்டியே ஆக வேண்டும். தொலைத்தொடர்பு சந்தைச் சரக்கு என்பதால் வாடிக்கையாளர் தவித்தார்.

அந்தச் சரிவுகளுக்குப் பிறகு மிஞ்சியது மூன்று தனியார் கம்பெனிகளும் பி.எஸ்.என்.எல்.லும். 2024 ஜூன் கடைசியில் மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்து விலையேற்றம் அறிவித்தார்கள், ஜூலை முதல் வாரத்தில் அமலுக்கு வந்தது. அதற்குப் பொதுவிசாரணை கிடையாது, யாரும் மனு கொடுக்க இடம் கிடையாது, ஏனென்றால் மொபைல் கட்டணத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று டிராய் விட்டிருக்கிறது. பதினைந்து கம்பெனி போட்டியிட்ட காலத்தில் அது நியாயமாக இருந்திருக்கலாம். இன்று எல்லாத் தளத்துக்கும் ஒரே விலை என்ற விதி மட்டும் இருக்கிறது, அந்த ஒரே விலை எவ்வளவு என்று கேட்க ஆளில்லை.

இன்னொரு பக்கம், அரசே இணையத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டு போகிறது. 100 நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு ஆப்பில்தான் என்றார்கள். பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்து, அந்த இடத்தின் குறிப்போடு ஏற்ற வேண்டும். கண்மாய்க்கரையில் டவர் எங்கே இருக்கிறது? படம் ஏறாவிட்டால் வெயிலில் மண் வெட்டியவரின் கூலிக்குச் சிக்கல். போனும் அந்தப் பெண்ணுடையது, டேட்டாவும் அவர் கைக்காசு. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும், சர்வர் வரவில்லை என்று விற்பனையாளர் சொல்வார், ஜனங்கள் வரிசையில் உட்காருவார்கள். கூலிக்கும் அரிசிக்கும் இணையம் வேண்டும் என்று சட்டம் போடுகிற அரசு, இணையத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்ல முடியுமா?

செலவுக்குப் பணம் இல்லாமலும் இல்லை. டெலிகாம் கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம் 2002 முதலே கிராமங்களுக்குச் சேவை கொண்டுபோக என்று தனி நிதிக்குப் போகிறது, இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதிலிருந்துதான் 2011-ல் ஒப்புதல் ஆன பாரத்நெட் திட்டம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம்வரை கேபிள் வந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று அரசுகள் நினைக்கின்றன, அங்கிருந்து வீட்டுக்கு வருவதுதான் கஷ்டமே. கேரள அரசின் இணையத் திட்டமான கேஃபோன் 2023 ஜூனில் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டு இணைப்பையே இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தார்கள். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் வீட்டு வாசல்வரை வர வேண்டும் என்ற எண்ணம் சரியானது. அந்த மாநிலத்தில்தான் கல்லூரி விடுதியில் போனுக்குக் கட்டுப்பாடு போட்டதை எதிர்த்து ஒரு மாணவி வழக்குப் போட்டு, இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கினார்.

கடைசியாக, நிறுத்துவது. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை முடக்க உத்தரவு வந்தது. தன் பிள்ளை எங்கே, எந்த ஆஸ்பத்திரியில் என்று தேடும் நேரத்தில்தான் அது நடந்தது. வதந்தியைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். வதந்தி போனிலும் பரவும், டீக்கடையிலும் பரவும், அதை உடைக்கத் தேவையான செய்திதான் அப்போது நின்றது. ராஜஸ்தானிலும் அசாமிலும் அரசு வேலைத் தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்கக்கூட இணையத்தை அணைத்திருக்கிறார்கள். உலகளவில் முடக்கங்களைக் கணக்கெடுக்கும் அக்சஸ் நவ் அமைப்பின் பட்டியலில் இந்தியா 2018 முதல் ஆறு வருடம் தொடர்ந்து முதலிடம். 2024-ல் 84 முடக்கங்களோடு, மியான்மருக்கு ஒன்று பின்னால்.

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட்டில் போன இணையம், 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் திரும்ப வந்தபோது கூடவே ஒரு பட்டியல் வந்தது. முதலில் 153 தளங்கள், பிறகு 301. இவற்றைப் பார்க்கலாம், மற்றவை கிடையாது. அது என்ன? அதிகாரியால் நடத்தப்பட்ட ஃப்ரீ பேசிக்ஸ். முன்பு சொன்னேனே, சலுகைக்கும் தடைக்கும் ஒரே திறமை போதும் என்று, அதுதான் இது. எதைக் கம்பெனி செய்தால் பாரபட்சம் என்று 10 லட்சம் பேர் எழுதினோமோ, அதையே அரசு செய்தபோது அந்த விதி எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது கம்பெனிகளை மட்டுமே கட்டுகிறது. மார்ச்சில் பட்டியல் போனது, 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது. ஊரடங்கில் நாடு முழுக்க ஆன்லைன் வகுப்பு நடந்த அந்த வருடம் முழுவதும் அங்கே பெரும்பாலான பிள்ளைகள் 2ஜியில் உட்கார்ந்திருந்தார்கள்.

காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் போட்ட வழக்கில் 2020 ஜனவரி 10-ம் தேதி உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் பாதுகாப்பில் வரும், காலவரம்பில்லாமல் முடக்கக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. இணைய இணைப்பே அடிப்படை உரிமையா என்ற கேள்விக்குள் போகவில்லை. தீர்ப்புக்குப் பிறகு ஒரு உத்தரவுக்கு 15 நாள்தான் ஆயுள் என்று விதி வந்தது, ஆனால் 15 நாள் முடிந்ததும் அடுத்த உத்தரவு போடலாம். மணிப்பூரில் 2023-ல் மாதக்கணக்கில் அப்படித்தான் போனது.

இந்த உத்தரவுகள் சரியா என்று பார்க்க மறுஆய்வுக் குழு ஒன்று உண்டு. மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், இன்னொரு செயலாளர். அரசு போட்ட உத்தரவை அரசின் செயலாளர்களே பரிசீலிக்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்ற வெளியாட்களையும் சேர்க்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 நவம்பரில் புது விதிகள் வந்தன, குழுவில் இன்னமும் செயலாளர்கள் மட்டும்தான். 2015-ல் எழுதியதுபோல மறுபடி எழுதுவதாக இருந்தால் இவற்றைக் கேட்டு எழுதலாம்: குழுவில் ஒரு நீதிபதி, விலையேற்றத்துக்கு முன் ஒரு பொதுவிசாரணை, கேட்ட வீட்டுக்கு இணைப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு.